நடுங்காத பிடி

இல்ல சார், கடையில வாங்கினது இல்ல இது. நானே யோசிச்சு, நானே வரைஞ்சு, என் மச்சினன் லேத்துல கடைஞ்சு கொடுத்த கத்தி. கையில வாங்கிப் பாக்குறீங்களா? பாருங்க, பிளேடு இன்னும் மாட்டல, தைரியமாத் தொடலாம். கனம் தெரியுதா? வால் பக்கம் பித்தளை வச்சிருக்கேன். ஏன்னு கேக்குறீங்களா, சொல்றேன். சொல்லத்தானே போறேன். உங்கள இந்த நாற்காலியில உக்கார வச்சுட்டு நான் என்னைக்கு வாய மூடியிருக்கேன்.

சாய்ங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். இந்தத் துண்டு சுடாது சார், இதமாத்தான் இருக்கும். கண்ண மூடிக்கிட்டு அப்படியே விட்டுருங்க. ஆமா, துண்டு புதுசுதான். நீங்க மக வீட்டுல போய் உக்காந்துட்டீங்களே, அப்ப ஆரம்பிச்சது. இப்ப எல்லாருக்கும் கண்ணுல துண்டு போட்டுத்தான் ஷேவிங். வேணாம்னு யாரும் சொல்லல, பாதிப் பேரு தூங்கியே போயிடுறாங்க.

அது யாருமில்ல, எங்க வீட்டுக்காரி. வெந்நீர் கொண்டாந்து வைக்கிறா. பின்னாடி ரூம்லதானே குடித்தனம், தெரியாதா உங்களுக்கு.

நுரை போட்டாச்சு. பிளேடும் மாட்டியாச்சு. ஆரம்பிக்கலாமா?

நீங்க ஊர்ல இல்லாதப்ப எனக்கு ஒண்ணு ஆயிருச்சு சார். பதறக்கூடாது, இப்பவே சொல்லிடுறேன். உங்க கன்னத்துல ஓடுதுல்ல கத்தி, எப்படி ஓடுது? வழுக்கிக்கிட்டுத்தானே போகுது? அத மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க. என் வலது கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு.

ஆடாதீங்க சார். அதான் முதல்லயே சொன்னேன்ல. இப்ப நீங்க ஆடினாத்தான் ஆபத்து.

முதல்ல டீ கிளாஸ்லதான் தெரிஞ்சுது. வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள பாதி சட்டையில. வயசாகுதுய்யா, எல்லாருக்கும் உள்ளதுதான்னு விட்டுட்டேன். கத்திரிக்கோல் பிடிக்கிறப்பகூட ஒண்ணும் பெரிசாத் தெரியல. கை ஆடுனா நாலு முடி கூடக்கொறைய விழும், யாருக்குத் தெரியப்போகுது. கத்தி அப்படியா? அந்த பேங்க் கேஷியர் இருக்காரே, மீசைக்காரர், அவர் காதுக்குக் கீழ இழுத்துட்டேன் சார். பெரிய வெட்டு இல்ல. ஆனா அவரு கண்ணாடியில என் கையப் பாத்துட்டாரு. ரத்தத்தப் பாக்கல சார், என் கையத்தான் பாத்தாரு. பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே போனவருதான், அப்புறம் இந்தப் பக்கமே வரல.

டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை கொடுத்தாரு. குறையும், போகாதுன்னாரு. என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டாரு, சொன்னேன். மனுசன் அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேனா மூடியையே திருகிக்கிட்டு இருந்தாரு.

எனக்கு வேற என்ன சார் தெரியும்? முடி வெட்டுறதுக்குத் தெருமுனைக்கு ஒரு கடை இருக்கு, ஏசி, பாட்டு, கண்ணாடிக் கதவு எல்லாம் வச்சு. என்கிட்ட வர்றவங்க ஷேவிங்குக்குத்தான் வர்றாங்க. அவன் கை பட்டதே தெரியாதுப்பான்னு ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வர்றது. அந்தப் பேரு போச்சுன்னா கடை போச்சு. இடது கையில பழகலாம்னு பாத்தேன். அது துண்டு பிழியும், தோல இழுத்துப் பிடிக்கும், கத்தியக் கொடுத்தா மட்டும் பேந்தப் பேந்த முழிக்குது.

அப்பத்தான் நினைச்சேன், கையத்தானே மாத்த முடியாது, கத்திய மாத்தலாமேன்னு. என்ன தப்பு? கண்ணு சரியில்லன்னா கண்ணாடி போடுறோம். கால் சரியில்லன்னா குச்சி ஊனுறோம். கைக்கு ஏத்த மாதிரி ஒரு கத்தி செஞ்சுகிட்டா என்ன?

கன்னத்த உப்பிக் காட்டுங்க. ம், அப்படித்தான்.

முதல் தொல்லையே பிளேடு மாட்டுறது சார். இந்த பிளேடு எவ்வளவு மெல்லிசு, வெங்காயத்தோல் மாதிரி. உறையோட வச்சு மடக்கினா டிக்குனு ரெண்டா ஒடியும், அதுல ஒரு பாதியக் கத்தி வாய்க்குள்ள நீளவாக்குல செருகணும். நல்ல கைக்கு அது ஒரு வேலையே இல்ல. எனக்கு? வெளிய குத்தும், விரல்ல குத்தும், கீழ விழும். விழுந்தா கண்ணுக்கும் தெரியாது. நான் தரையில தவழ்ந்துக்கிட்டு இருப்பேன், மேல நாற்காலியில நுரையோட ஒருத்தர் காஞ்சுக்கிட்டு இருப்பாரு. அதனால கத்தி வாயத் துணி கிளிப் மாதிரி செய்யச் சொன்னேன். அமுக்கினா திறக்கும், பிளேட உள்ள போட்டா ரெண்டு முள்ளுல போய் உக்காந்துக்கும், விட்டா கவ்விக்கும். அது ஒண்ணுதான் செஞ்ச உடனே சரியா வந்துச்சு. அதுல ஏமாந்துட்டேன், மத்ததும் இப்படியே வந்துரும்னு.

பிடி தடியா இருந்தா நடுக்கம் குறையும்னு யாரோ சொன்னாங்க. சைக்கிள் ஹேண்டில்ல இருக்குமே ரப்பர், அத வெட்டி மாட்டினேன். மச்சினன் பாத்துட்டு, மாமா, இது ஷேவ் பண்றதுக்கா, ஓட்டிக்கிட்டுப் போறதுக்கான்னு கேட்டான். நடுக்கம் கொஞ்சம் குறைஞ்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா நுனியில என்ன நடக்குதுன்னு விரலுக்கு எதுவும் தெரியல. சாக்கு மூட்டையத் தடவுற மாதிரி இருந்துச்சு. அதத் தூக்கிப் போட்டுட்டு, வால்ல பித்தளை வச்சேன். கனம் இருந்தா கை ஆடாதுன்னு. உண்மைதான், ஆடல, கொஞ்ச நேரத்துக்கு. அப்புறம் கை ஓஞ்சு போயி முன்னவிட மோசமா ஆடுச்சு. பித்தளையக் குறைச்சுக் குறைச்சு வந்து நின்னதுதான் நீங்க பிடிச்சுப் பாத்த கனம்.

பல் வச்சும் பாத்தேன். சீப்பு மாதிரி, பிளேடுக்கு முன்னால. கை ஆடினாலும் வெட்டாதுல்ல. வெட்டல. முடியையும் வெட்டல. நுரை பூரா பல்லுல போய் அப்பிக்கிச்சு, காதோரம் ஒரு கோடு எடுக்க முடியல.

இதுல இன்னொரு கூத்து. மெல்லிசு பிளேட ரெண்டு தகட்டுக்கு நடுவுல தட்டையாப் பிடிச்சா அது தானாவே அதிருது சார். தோல்ல வச்சு இழுத்தா கிர்ருங்குது. நான் ஒரு பக்கம் நடுங்க, அது ஒரு பக்கம் நடுங்க, யாரு ஜெயிக்கிறான்னு பாக்கலாம்னு ஆயிப்போச்சு. தலையில கை வச்சு உக்காந்துட்டேன். எங்க வீட்டுக்காரி அந்தாண்ட துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு காகிதத்த எடுத்து ஓரமாப் பிடிச்சா, தொங்குச்சு. அதையே லேசா வளைச்சுப் பிடிச்சா, விறைச்சு நின்னுச்சு. இப்படி வளைச்சுப் பிடிக்க மாட்டீங்களான்னா. சொல்லிட்டுத் துணி மடிக்கப் போயிட்டா. நான் அவளையே பாத்துக்கிட்டு இருந்தேன். கத்தி வாய்ல ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான், பிளேடு கிர்ருங்கவே இல்ல அதுக்கப்புறம்.

பேச்சுவாக்குல ஒரு கன்னம் முடிஞ்சிருச்சு பாருங்க. அந்தப் பக்கம் லேசாத் திரும்புங்க.

பழகினது எதுலங்கிறீங்களா? பலூன்ல சார். எங்க தொழில்ல எல்லாரும் அதுலதான் கத்துக்குறது. பலூன ஊதி, நுரை தடவி, உடையாம வழிக்கணும். இந்தத் தொழில்ல தலை நரைச்சவன் மறுபடியும் பலூன் வாங்கப் போனேன் பாருங்க. மத்தியானம் கடைய அடைச்சுட்டு உள்ள ரூம்ல உக்காந்துக்குவோம். அவ பலூனப் பிடிச்சுக்குவா, கண்ண இறுக்க மூடிக்கிட்டு. நான் கத்திய வைப்பேன். டப்பு. அவ மூஞ்சி, செவுரு, கண்ணாடி எல்லாம் நுரை. பக்கத்துக் கடை டெய்லர் கேட்டாரு, ஏம்ப்பா, உங்க வீட்டுல தினம் யாருக்குப் பொறந்த நாளுன்னு. சிரிச்சு வச்சேன். வேற என்ன செய்ய?

அப்புறம் இந்த வளைஞ்ச வாய் வந்துச்சு. அன்னைக்குப் பலூன் உடையல சார். மேலயிருந்து கீழ வரைக்கும் சுத்தமா வழிச்சு, துடைச்சு எடுத்தா, பளபளன்னு அப்படியே இருக்கு. எனக்கு வந்த சந்தோஷத்தப் பாக்கணும் நீங்க. ஜெயிச்சுட்டோம்டான்னு கத்திட்டேன். மச்சினன் மட்டும் குனிஞ்சு முன்ன உடைஞ்ச பலூன் துண்டுகளப் பொறுக்கிக்கிட்டு இருந்தான்.

என்ன சொல்றீங்க? நுரை வாய்க்குள்ள போயிடப்போகுது, மெல்லச் சொல்லுங்க. ம். ம். முன்னவிட லேசா இருக்கா கை.

எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உனக்கு வயசாக வயசாகக் கை பூ மாதிரி ஆகுதுய்யான்னு நேத்து ஒருத்தர் சொன்னாரு. சந்தோஷந்தான் சார். இல்லாம என்ன. நல்லா இருக்குன்னு சொன்னா யாருக்குக் கசக்கும். ஆனா அத நான் கேக்குறப்ப எனக்கு எங்கயோ குத்துது. ஏன்னு கேக்காதீங்க.

சரி, கழுத்து. நல்லா நிமித்துங்க. உங்களுக்குக் கழுத்து முடி குறுக்க வளரும், அத நேரா இழுத்தா எரியும், பக்கவாட்டுலதான் வரணும். ஏய், அங்க வேணாம், நுரைக்கடியில மச்சம் இருக்கு. சுத்திப் போ.

உங்களச் சொல்லல சார்.

எங்க வீட்டுக்காரியச் சொன்னேன்.

ஆடாதீங்க, அவ கத்திய எடுத்துட்டா சார், பயப்பட வேணாம். துண்டு இருக்கட்டும், ஒரு நிமிஷம். உங்க தோல இழுத்துப் பிடிச்சிருக்கே, இது என் கைதான். இத்தனை வருசமா உங்களுக்குப் பழகின கை. வழிச்சது அவ. ரெண்டு கன்னமும் அவதான். நான் பேசிக்கிட்டே இருந்தா குரல் எங்க இருக்கோ கையும் அங்கதான்னு நினைச்சுக்குவாங்க. அதுக்குத்தான் இந்தப் பேச்சு. அவ மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கிறா சார், இருமல் வந்தா உள்ள ஓடிப்போய் இருமிட்டு வர்றா. மத்தவங்க மூஞ்சி எல்லாம் இப்ப அவளுக்குப் பழகிருச்சு. உங்களுக்கு இன்னைக்குத்தான் முதல் தடவை, மச்சம் அவளுக்கெப்படித் தெரியும். வாய் தவறி வந்துருச்சு.

அந்தப் பலூன் கதையும் அப்படித்தான். நான் வச்சா உடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. தப்பு பிடியிலயா, என் கையிலயா, பாக்கணும்ல. நீ ஒரு தடவை வழிச்சுப் பாருன்னு அவ கையில கொடுத்தேன். உடையல. பிடி சரின்னு நான் குதிச்சேன் பாருங்க, எவனாவது அப்படிக் குதிப்பானா? மச்சினனுக்கு அப்பவே புரிஞ்சிருச்சு. எனக்குத்தான் மறுபடியும் கத்திய வாங்கி அடுத்த பலூன்ல வச்சப்ப புரிஞ்சுது. நல்ல பிடி சார் இது. நடுங்காத கைக்கு ரொம்ப நல்ல பிடி.

அப்புறம் அவ என் மூஞ்சியில பழகினா. ஒரு கீறல் விழல. கண்ணாடியில பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், கண்ணு கலங்கிருச்சு, நுரை பட்டுருச்சுன்னு சொன்னேன். சந்தோஷப்படணும்ல நான்? கடை நிக்குது, சோறு கிடைக்குது. பொறாமையா இருக்கு சார். கட்டுனவ மேலயே பொறாமை, இத யாருகிட்டப் போய்ச் சொல்ல.

வேணாம்னா சொல்லுங்க, இப்படியே துடைச்சு விடுறேன். பாதிக் கழுத்து நுரையோட அனுப்புறேன்னு நினைக்காதீங்க, என்னால முடிச்சு வைக்க முடியாது, அதான் சங்கதி. வெளிய போய்ச் சொன்னாலும் நான் ஒண்ணும் செய்ய முடியாது.

துண்ட எடுத்துட்டீங்களா. சரி. பாருங்க, இவதான்.

என்ன சார், மறுபடியும் சாஞ்சுட்டீங்க? துண்டு வேணாமா? அப்ப... சரி. நீ முடிம்மா. மச்சத்துக்கு மேல நிறுத்தி, பக்கவாட்டுல வா. ஆங். அப்படித்தான். இனிமே நான் சொல்ல வேண்டியதில்ல, அதான் கண்ணால பாத்துட்டாளே.

என்னம்மா?

இல்ல சார், ஒண்ணுமில்ல. கைய எடுங்கங்கிறா. தோல அவளே பிடிச்சுக்குவாளாம். என் கை மறைக்குதாம்.