ஒரே ஒரு லாக்கப் சீன்

இல்ல சார், சுடச் சொல்லல. புடிக்கச் சொல்றேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. பாலத்து மேல இருந்து குதிக்கறது, இன்ஸ்பெக்டர் மடியில தலைய வச்சுக் கண்ண மூடறது, அதெல்லாம் வேண்டாம். உயிரோட, முழுசா, கையில விலங்கு மாட்டி, ஜீப்புல ஏத்தி, ஸ்டேஷன்ல உள்ள தள்ளிப் பூட்டணும். அவ்வளவுதான் கேக்கறேன். இந்த வெள்ளிக்கிழமை எபிசோடுலயே வந்துடணும்.

உக்காருங்க. கதவப் பூட்டல, சும்மாதான் சாத்தினேன். உங்க போனா? எங்கிட்டதான் இருக்கு, பத்திரமா இருக்கு. நொடிக்கொரு தரம் சேனல்ல இருந்து கூப்பிடறாங்க, நீங்க எந்திரிச்சு வராண்டாவுக்குப் போயிடறீங்க, திரும்பி வரும்போது நான் என்ன சொல்லிட்டிருந்தேன்னு எனக்கே மறந்து போகுது. பேசி முடிச்சதும் தரேன்.

ஐயோ, இப்ப எதுக்கு நாற்காலியப் பின்னாடி நகத்தறீங்க? பாத்தீங்களா! நான் நடிக்கறவள எழுதினவரு நீங்க. மருந்துக்கடை அக்கான்னு பேரு வச்சவரும் நீங்க. நீங்களே என்னப் பாத்து நகந்தா, மத்தவங்கள நான் என்னன்னு குறை சொல்றது? சரி, விடுங்க. தண்ணி குடிங்க.

முதல்ல கதைக்காகவே பேசுவோம், எனக்காக வேண்டாம். போன வாரம் நான் எப்படித் தப்பிச்சேன்? பாத்ரூம் ஜன்னல் வழியா. அந்த ஜன்னல் அகலம் என்ன, என் அகலம் என்ன? கேமராமேன் என் தோள் வரைக்கும் எடுத்துட்டு, போதும் மேடம், மிச்சத்த ஜனங்க நம்பிடுவாங்கன்னுட்டாரு. அதுக்கு முந்தின தடவை பொணம் மாதிரி ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டுப் போறேன், இன்ஸ்பெக்டரே நடுரோட்டுல நின்னு வழி ஒதுக்கி விடறாரு. பாவம் சார், இன்ஸ்பெக்டரா நடிக்கற அந்த மனுஷன். சொந்தப் பொண்ண ஸ்கூல்ல விடப் போனா வாட்ச்மேன் கேக்கறானாம், என்ன சார், இன்னைக்காவது அக்காவப் புடிச்சிடுவீங்களான்னு. மேக்கப் ரூமுக்கு வந்து, அக்கா, ஒரு தடவை மாட்டிக்கங்கக்கா, என் மானத்தக் காப்பாத்துங்கன்னு அழாத குறையாக் கேக்கறாரு. நான் என்னத்த மாட்டிக்கறது? எழுதறது நீங்க.

நம்ம செட்ல லாக்கப்னு ஒண்ணு கட்டி வச்சிருக்கோமே, கடைசியா எப்ப அந்தப் பக்கம் போனீங்க? இன்னைக்கு வரைக்கும் அதுல ஒரு குற்றவாளி உக்காந்ததில்ல. காஸ்ட்யூமர் அந்தக் கம்பியில போலீஸ் சட்டைய எல்லாம் காயப் போட்டிருக்காரு. கேட்டா, காத்து நல்லா வருதுங்கறாரு.

ரேட்டிங். தெரியும் சார். ஜனங்க அவ மேல உயிரையே வச்சிருக்காங்க, எனக்குத் தெரியாதா? காய்கறி வாங்கப் போனா கடைக்காரம்மா நல்ல தக்காளியாப் பொறுக்கிப் போட்டுட்டு, ஜாக்கிரதையா இருங்கக்கா, அந்த இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் வந்தா நான் பாக்கலன்னு சொல்லிடறேன்னு காதுல சொல்றாங்க. சிக்னல்ல நிஜப் போலீஸ்காரரே சல்யூட் அடிச்சு வழி விடறாரு. கூடப் பொறந்த தங்கச்சி போலி மருந்தத் தின்னு செத்துட்டா, அத வித்தவங்களத் தேடித் தேடி அதே மாத்திரையக் கொடுத்து முழுங்க வைக்கறா. யாருக்குத்தான் மனசு இளகாது? எனக்கே ஸ்கிரிப்ட் படிக்கறப்ப இளகிச்சு. அந்த அளவுக்கு நல்லா எழுதிட்டீங்க. அதுதான் இப்ப என் தலையில விடிஞ்சிருக்கு.

வேற சேனல்ல கூப்பிட்டாங்களான்னா கேக்கறீங்க? சத்தியமா இல்ல. இந்த சீரியல் முடியற வரைக்கும் நான் இங்கதான். நீங்க ஒரு எபிசோடு மட்டும் உள்ள வைங்க, மறுநாளே சுவரேறிக் குதிச்சு ஓட வைங்க, ஓடறேன். இடுப்பு வலின்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

கனவு சீனா? வேண்டாம் சார். கனவுன்னு காட்டிட்டா, புடிச்சது பொய்யின்னு ஆயிடும்.

ஆசிட்டும் வேண்டாம். டைரக்டர் சொன்னாரு, அடுத்த மாசம் அவ முகத்துல ஆசிட் பட்டு ஒரு பக்கம் வெந்து போகுதாமே. தயவுசெஞ்சு அத அடிச்சிடுங்க. கால உடைங்க, கைய வெட்டுங்க, முகத்துல மட்டும் கை வைக்காதீங்க. அழகு போயிடும்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. காலையில கண்ணாடியில என் முகத்த நானும்தான் பாக்கறேன், காப்பாத்தி வைக்கற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

அப்ப எதுக்குன்னா... சொல்றேன். சொல்லத்தானே வந்தேன். சுத்தி வளைச்சுப் பேசிட்டிருக்கேன், எனக்கே தெரியுது.

அந்தச் சாக்லேட் சீன் ஞாபகம் இருக்கா? இதுக்கு உங்களுக்கு அவார்டு கிடைக்கும் மேடம்னு சொன்னீங்களே. மருந்துக் கம்பெனிக்காரன் வீட்டுக்குப் போறேன். வாசல்ல அவனோட சின்னப் பொண்ணு. ஷூ நாடாவக் கட்டி விட்டு, கன்னத்தத் தடவி, ஒரு சாக்லேட்டக் கொடுத்து, நீ போய் விளையாடும்மான்னு அனுப்பிடறேன். அப்புறம் உள்ள போய் அவங்கப்பாவுக்கு மாத்திரை. அவன் கீழ விழறான், ஜன்னலுக்கு வெளிய அந்தப் புள்ள சாக்லேட் தின்னுட்டு ஊஞ்சல் ஆடுது. ஊரே அழுதுச்சு. என் மகளும் பாத்திருக்கா.

ஆமா சார், மக இருக்கா. ஒண்ணாவது படிக்கறா. நானும் அவங்கப்பாவும் சேர்ந்து இல்ல, கேஸ் நடக்குது, புள்ள அவரு வீட்டுல. அங்க சாயங்காலம் ஆனா ஹால்ல நம்ம சீரியல்தான். என் மாமியார் இருக்காங்களே, இவளுக்குப் புள்ள வளக்கற யோக்கியதை இல்லன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணவங்க, மருந்துக்கடை அக்காவுக்கு மட்டும் ஒரு நாள் விடாம அழறாங்களாம். என்னைத் திட்டிட்டு அவளுக்காக அழறாங்க! சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க, எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு.

சனிக்கிழமை சனிக்கிழமை கோர்ட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம்ல பாக்க விடுவாங்க. ஒரு பிளாஸ்டிக் சறுக்கு மரம், நாலு பொம்மை, மேற்பார்வைக்கு ஒரு மேடம். அந்த சீன் வந்த வாரம் நான் ஒண்ணும் தோணாம, எப்பவும் போல ஒரு சாக்லேட் வாங்கிட்டுப் போயிட்டேன். என் கையில அத அவ பாத்தா பாருங்க, சார்... அந்த மாதிரி ஒரு அலறல் நான் கேட்டதே இல்ல. எங்கப்பாவ ஒண்ணும் பண்ணாத, எங்கப்பாவ ஒண்ணும் பண்ணாதன்னு அந்த மேடம் புடவைக்குள்ள புகுந்துக்கிட்டா.

சொல்லாம இருப்பேனா? நடிப்புடா கண்ணு, அம்மாவோட வேலைடா, ஆபீஸ் மாதிரின்னு சொன்னேன். சொன்னா ஏறல. காட்டினாப் புரியும்னு அடுத்த வாரம் அக்கா வேஷத்துக்கு வைக்கற நரைமுடி விக் ஒண்ண எடுத்துட்டுப் போனேன். அவ எதிர்லயே தலையில வச்சேன், பாரு, இதுதான் அக்கா. கழட்டினேன், பாரு, இதுதான் அம்மா. நடிகை புத்தி. அவ பாத்துக்கிட்டே இருந்தா. கண்ணு மட்டும் இவ்வளவு பெருசாச்சு. நான் பைத்தியக்காரி, புரிஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் கிட்டவே வரல. சறுக்கு மரத்துக்குப் பின்னாடியே உக்காந்திருக்கா, நேரம் முடியற வரைக்கும். இப்ப அவரு தரப்புல மனு போட்டிருக்காங்க, புள்ள பயந்து நடுங்குது, இனிமே பாக்கவே வேண்டாம்னு. இந்த சனிக்கிழமை எப்படி இருக்கான்னு பாத்துட்டு அந்த மேடம் கோர்ட்டுக்கு எழுதணும். அதுதான் கடைசி.

போன்ல ஒரு சின்ன சீன் எடுத்துக் காட்டலாம்தான். உள்ள போன் கொண்டு போகக் கூடாது, விக் கொண்டு போனதுக்கே திட்டு வாங்கினேன். அதுவும் இல்லாம, நான் காட்டினா அவ நம்பமாட்டா சார். நான்தானே அந்த ஆளு. அந்த ஹால் டிவியில, அவங்க பாட்டி பக்கத்துல உக்காந்து, அவளே பாக்கணும்.

இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றேன்னா, அவளே சொன்னா. எங்கிட்ட இல்ல, அந்த மேடம்கிட்ட. போன சனிக்கிழமை அவங்க கிளம்பற நேரத்துல அவளத் தூக்கி வச்சுக்கிட்டு, ஏம்மா, உனக்கு அம்மாவப் புடிக்கலையான்னு கேட்டிருக்காங்க. அதுக்கு இவ, நான் எப்படி ஆன்ட்டி புடிக்கறது, போலீஸ் மாமாதான் புடிக்கணும்னாளாம். அந்த மேடம் சிரிச்சிட்டாங்க. என்கிட்ட சொல்றப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் ஆரம்பிச்சாங்க.

அது எங்கம்மா இல்லையாம். மருந்துக்கடை அக்கா எங்கம்மாவோட மூஞ்சியத் திருடி மாட்டிக்கிட்டு வந்திருக்காளாம். அன்னைக்கு முடி கழண்டுச்சே, அது மாதிரி மூஞ்சியும் கழலுமாம். போலீஸ் மாமா அவள ஒரு தடவை புடிச்சு உள்ள போட்டாப் போதுமாம், அதக் கழட்டி வாங்கி, நல்லாத் தொடைச்சு, எங்கம்மாகிட்ட குடுத்துடுவாராம்.