மூலை உடைந்த கைக்கோடாலி

ஹலோ... ஹலோ, அக்கா? லோர்னாக்கா, நெட்டி பேசறேன்... ஆமா, ஆமா, மூச்சு வாங்குது, அத விடு. ரத்தம் நிக்கலன்னா என்ன பண்ணணும்? சீக்கிரம் சொல்லு... எனக்கில்ல. எனக்கு ஒரு பல்லுதான் போச்சு... தொடையில. வலது தொடை, முட்டிக்கு ஒரு சாண் மேல... ஆழந்தான். ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, பேங்கர் டவுன்ல இருந்து வரணுமாம், இருபது நிமிஷமாவது ஆகுமாம்... நீ நர்சுதான, உன்னக் கேக்காம யாரக் கேப்பேன்!

துணியா? மேசை விரிப்பு ஒண்ணு கெடக்கு... அழுத்தறேன். ரெண்டு கையாலயுந்தான். போன காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கியிருக்கேன், சத்தமாப் பேசு... இல்ல, நிக்கல. துணி ஊறிப் போச்சு. விரல் சந்துல வருது... ஆமா, துடிச்சுத் துடிச்சு வருது.

யாருன்னு அப்புறம் சொல்றேன்... அப்புறம் சொல்றேன்னா... சரி. ஹார்லன்.

...அக்கா?

ஆமா. உன் புருசனா இருந்தானே, அதே ஹார்லன்தான்... நான்தான். நான்தான் வெட்டினேன்.

...பெல்ட்டா? அவன் இடுப்புல இருக்கு, உருவறேன்... டேய், ஆடாமக் கெட!... உன்னயில்லக்கா... காயத்துக்கு மேல. இன்னும் மேலயா? சரி, சரி, இறுக்கிட்டேன்... குச்சியா? கோடாலிக் காம்பு நாலு கெடக்கு இங்க. பெல்ட்டுக்குள்ள விட்டு முறுக்கணுமா... முறுக்கறேன்... கத்தறது கேக்குதா உனக்கு? கத்தட்டும்... இன்னொரு சுத்து... ம்... கொறையுதுக்கா. கொறையுது... கட்டின நேரமா? பத்து பதினாலு. சரி, நெனப்புல வச்சுக்கறேன்... விடல, காம்பப் புடிச்சிட்டுத்தான் ஒக்காந்திருக்கேன்.

எங்கயா? மேபல் அத்தை வீட்டு வாசல்ல. புல்லு மேல... உன் மாமியார் வீட்ட வித்துட்டு முதியோர் இல்லத்துக்குப் போறாங்க, உனக்குத் தெரியாதா? வாசல்ல மேசையப் போட்டு, தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் பரப்பி விக்கிறாங்க... ஆமா, நான் பழைய கோடாலி தேடித்தான் வந்தேன், எப்பவும் சேக்கறதுதான. எந்தச் சனிக்கெழமை நான் யார்டு சேலுக்குப் போகல?... சண்ட போட வரல. சத்தியமா வரல. அவன் உள்ள இருக்கான்னே தெரியாது.

கேளு, நீ இதக் கேட்டுத்தான் ஆகணும். மேசைக்கடியில உருளைக்கெழங்குக் கூடை ஒண்ணு, நெறைய இரும்பு. மேலாக ரெண்டு பக்கமும் வாயுள்ள கோடாலி. நல்ல பழசு, ஆனா காம்பு நுழையற ஓட்டையில விரிசல். அதுக்கும் கீழ மரம் செதுக்குற அகலக் கோடாலி... அத எதுக்குச் சொல்றேன்னா... கேளேன்! அடியில ஒரு கைக்கோடாலி கெடந்துச்சு. ஒரே துரு. வாயோரத்துல ஆணி புடுங்குற வெட்டு இருந்துச்சு. எந்தக் கம்பெனி முத்திரைன்னு பாக்கலாம்னு என் பையில இருந்த கம்பி பிரஷ்ஷால நாலு இழுப்பு இழுத்தேன். முத்திரை இல்ல. பின்மண்டையத் திருப்பினேன். கூரை போடறவன் வச்சிருக்கிற சாமான், பின்னாடி சுத்தியல் மாதிரி இருக்கும். ஆணி மேல வழுக்கக் கூடாதுன்னு கட்டம் கட்டமா வெட்டியிருப்பாங்க... ஆமா... அஞ்சுக்கு அஞ்சு. ஒரு மூலை மட்டும் உடஞ்சிருந்துச்சு.

...ஆமாக்கா.

உன் தோள்ல இருக்கிற தழும்பு. ஆறு வாரம் நான்தான உனக்கு உடம்பு தொடச்சு விட்டேன்? நீ தூங்கறப்போ எண்ணிப் பாத்திருக்கேன். கட்டம் கட்டமா, ஒரு மூலை மட்டும் இல்லாம... நீ படியில உருண்டதா கோர்ட்டுல சொல்லித் தப்பிச்சான். எந்த வீட்டுப் படியில அக்கா கட்டம் வெட்டியிருக்கு?

அதக் கையில வச்சிட்டு நிக்கறேன், காபிக் கோப்பையோட வெளிய வர்றான். என் மூஞ்சியப் பாத்தான், கையப் பாத்தான். 'அதக் கீழ வை நெட்டி'ன்னான். சிரிச்சிட்டே சொன்னான். 'இது என்னன்னு தெரியுதா'ன்னு கேட்டேன். 'துருப்புடிச்ச இரும்பு. உங்க அக்கா மாதிரி'ன்னான்... ஆமா, அத்தன பேரு முன்னாடியுந்தான்... இல்ல, அப்பவும் நான் கை ஓங்கல. டிரக்க நோக்கி நடந்தேன். நேரா போலீசுல கொண்டு போய்க் குடுத்துரலாம்னு. பின்னாடியே வந்து முடியப் புடிச்சு இழுத்தான். மேசை சரிஞ்சு பீங்கானெல்லாம் தூள் தூள். மூஞ்சியில குத்தினான். ரெண்டாவது குத்துல பல்லு தெறிச்சிருச்சு. மல்லாக்க விழுந்தேன். நெஞ்சு மேல முட்டியப் போட்டு ஏறி, கழுத்த நெரிச்சான் அக்கா. ஒருத்தன் கிட்ட வரல. சாமான் வாங்க வந்தவங்க அத்தன பேரும் காருக்கு ஓடறாங்க. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு... கோடாலி என் கையிலதான் இருந்துச்சு. வீசினேன்... ஒரு தடவ.

...இல்ல. ரெண்டு தடவ, ரெண்டும் அதே தொடையில. மொத வெட்டுலயே அவன் கழுத்த விட்டுட்டான்.

ரெண்டாவது எதுக்குன்னு கேக்காத.

என்னடா?... தண்ணி கேக்கறான். குடுக்கக் கூடாதா?... குடுக்கக் கூடாதாம்டா... 'லோர்னாவா? போனக் குடு'ங்கறான்... வேண்டாமா? சரி... 'ஒரு காலத்துல அத்தான் அத்தான்னு சுத்தி வந்தவதான நீ'ங்கறான். இந்த நெலமையிலயும் வாயப் பாரு.

ஏய், கண்ணத் தொற. எங்க அக்காவ எதால அடிச்ச? சொல்லு. உன் வாயால சொல்லு, இல்ல காம்ப விட்டுருவேன்... நீ சும்மா இரு அக்கா! அவன் சொல்லட்டும்... சொல்ல மாட்டியா? பாரு, ஒரு சுத்து விடறேன்... வருது பாத்தியா, உன் ரத்தந்தான்டா... கத்தாத லோர்னா! கேக்குது எனக்கு! எட்டு வருசமா இவன் நெஞ்ச நிமித்திட்டுத் திரியறான், நீ ராத்திரிக்கு ராத்திரி கதவ மூணு தடவ பூட்டிப் பாக்கற... இவனுக்காகவா அழற நீ? இவனுக்காகவா?... என்னது?

...எனக்காகவா.

...சரி. சரிக்கா. முறுக்கிட்டேன்... இறுக்கமாத்தான்... நின்னுருச்சு. நெசமா நின்னுருச்சு... மூச்சு இருக்கு. மூஞ்சி வெளுத்துப் போச்சு, ஆனா மொறைக்கறான்... நீ வச்சிராத. ஏதாவது பேசிட்டே இரு.

சைரன்... போலீசு கார்தான் மொதல்ல வருது. பின்னாலயே ஆம்புலன்சும்... இரு.

நான்தான் சார்... ஆமா, நெட்டி. இவனுக்குக் கொழுந்தியாளா இருந்தவ. நான்தான் வெட்டினேன். ரெண்டு தடவ... கைய எடுத்தா செத்துருவான் சார், ஆம்புலன்சுக்காரங்க வந்து புடிக்கட்டும்... போன்ல என் அக்கா, நர்சு. அவதான் எப்படிக் கட்டணும்னு சொன்னா... டேய், என்னடா சொல்ற? அக்கா, கோடாலிய நான் என் டிரக்குல இருந்து எடுத்துட்டு வந்தேனாம். கொல்றதுக்குன்னே வந்தேனாம்... பொய் சார்! அந்தக் கூடையில...

இரு அக்கா. மேபல் அத்தை வர்றாங்க. இவ்வளவு நேரம் சமையல்கட்டு வாசல்ல செலையா நின்னவங்க. புடிச்சு நடக்கிற சக்கர வண்டியத் தள்ளிட்டு நேரா போலீசுகிட்ட... பேசறாங்க. கேக்குதா உனக்கு? சரி, நான் சொல்றேன்... 'அது என் மகனோடது'ங்கறாங்க... அக்கா, 'மருமகள அடிச்சுட்டு வந்து இந்தக் கோடாலிய என் பாத்திரந் தேய்க்கிற தொட்டியில போட்டான். நான்தான் ரத்தத்தக் கழுவினேன். எட்டு வருசம் மாவு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன்'ங்கறாங்க... இப்ப எதுக்குக் கூடையில போட்டீங்கன்னு கேக்கறார்... 'கோடாலின்னா நெட்டி வருவா. அவ கண்ணுக்குத் தப்பாது. எனக்குத்தான் வாய் தொறக்க தைரியமில்ல'ன்னு...

அது ஹார்லன் கத்தறது. ஸ்ட்ரெச்சர்ல இருந்துட்டு, பெத்த தாயப் பாத்து, குலத்தக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பேங்கறான்... அவங்க திரும்பிக்கூடப் பாக்கல. ஏத்திட்டாங்க. கதவ மூடிட்டாங்க... பொழைச்சுக்குவான்னுதான் சொல்றாங்க. உன் கட்டு சரியா இருந்துச்சாம்.

என்னையா? கூட்டிட்டுத்தான் போவாங்க. ரெண்டாவது வெட்டுக்கு நான் பதில் சொல்லணும்ல... ஒளிக்க மாட்டேன்... கெளம்பிட்டியா? போர்ட்லாந்துல இருந்து மூணு மணி நேரம் ஆகும், மெதுவா ஓட்டு... இல்ல, பயமில்ல. கொஞ்சந்தான்.

அக்கா, மேபல் அத்தை பக்கத்துல நிக்கறாங்க. கழுவினதுக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். குடுக்கவா?

...ம்... ம்... சரி, சொல்றேன்.

அத்தை, போன்ல வேணாமாம். நேர்ல வர்றாளாம். ஒக்காந்திருக்கச் சொன்னா.

...முடிச்சிட்டேன் சார். வச்சிடறேன்க்கா, கூப்பிடறார்... இந்தாங்க சார், கை. ரெண்டும்.