நடுச்சுவர்

— முட்டி வலின்னு வந்த ஆளு கண்ண எதுக்கு இப்டி கசக்கிக்கினு இருக்கீங்க, முனிசாமிண்ணா?

— கிளினிக்குன்னா எல்லாத்துக்கும் தான் வருவாங்க. நீ எதுக்கு வந்த, ஜெயமேரி?

— எனக்கு பிரஷரு. என்ன வுடுங்க. தலப்பிரசவத்துக்கு மம்தாவ வரவேணான்னுட்டீங்களாமே. நான் எதுக்கு கேக்கப்போறேன், நம்ம லைன் வூடு பூரா பேசிக்குது.

— லைன் பூரான்னா நீ ஒருத்தி தானே.

— சரி, நான் ஒருத்தி தான். பெத்த அப்பனே வராதன்னா, பொண்ணு பெங்களூருல உக்காந்து அழுவாதா? மாமியாக்காரி சும்மா இருப்பாளா? உங்க வூட்டுக்காரம்மா, அந்த அக்கா கூட உங்களுக்கு மொகம் குடுத்து பேசறதில்லையாம்.

— எனக்கு மட்டும் ஆசையா மேரி? சொன்னா வெளிய வுடாம இருப்பியா?

— நான் எதுக்கு வெளிய சொல்லப்போறேன்.

— கண்ண மூடி ரொம்ப நாளாச்சு. ராத்திரி ஆனா ஷெல்ஃபுல இக்குற பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடுது. கட்டிலு காலே அதிருது. கீழ ஏர்பிளாஸ்ட், பாறை வெடிக்குது.

— தங்க மைன்ஸு மூடி எவ்ளோ காலமாச்சு. இப்போ போயி இன்னா ஏர்பிளாஸ்ட்?

— மூடுனது மேல இக்குற கேட்டத்தான். கீழ நாங்க தோண்டுன பள்ளம் அப்டியே தான் இக்குது, தண்ணி ரொம்பிக்கினு. வவுத்துப் புள்ளக்காரிய அதுக்கு மேலயா படுக்க வெக்கிறது?

— அக்கா ஒண்ணும் சொல்லலையே.

— உங்க அக்கா படுத்தா கட்ட. நான் தான் எழுந்து கடப்பாரையால சுவத்த தட்டிப் பாக்குறேன். அண்டர்கிரவுண்டுல அப்டித்தான் பாப்போம். கெட்டிப் பாறன்னா கிண்ணுனு வரும், பொளந்து வுட்டுக்கினு இருந்தா பொத்துனு வரும். தட்டிட்டு வந்து படுத்தா, மறுபடி ஆடுது.

— எந்தச் சுவரு அது?

— நடுச்சுவரு தான். உங்க வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் பொதுவா இக்குதே.

— அட பாவி அண்ணா. நான் பிரஷருக்கு வரல. தூக்க மாத்திரைக்கு வந்திருக்கேன்.

— நீயா? ஊர்க்கத அத்தனையும் எறக்கி வெச்சிட்டு படுக்கிறவளுக்கு தூக்கம் வரலையா?

— எப்டி வரும்? எங்க வூட்டுக்காரரு ஃப்ரெடி ஒருவாட்டி மைன்ஸுல கீழ லெவல்ல மாட்டிக்கினாரே, பைப்ப தட்டித்தானே உசுரோட இக்குறேன்னு காட்டுனாரு? அந்த மனுசன் செத்துப் போயி கல்லறையில இக்குறாரு. இப்போ ராத்திரியில டொக்கு டொக்குன்னா நான் யாருன்னு நெனைக்கிறது? அது காதுல வுழக்கூடாதுன்னு வாஷிங் மெஷின போட்டு வுட்டுடுவேன்.

— ராத்திரியிலயா?

— பழைய மெஷினு. சுத்த ஆரம்பிச்சா குதிச்சி குதிச்சி போயி நடுச்சுவத்துல முட்டிக்கினு நிக்கும்.

— தெனமும் தொவைக்க அவ்ளோ துணி ஏது உனக்கு?

— தொவைச்சதையே தொவைக்கிறேன். நைட்டியெல்லாம் நூலா பூடுச்சு.

— இரு. நீ மெஷினு போட்டதால நான் தட்டுனேன். நான் தட்டுனதால நீ மெஷினு போட்ட. மொதல்ல ஆரம்பிச்சது யாரு?

— நான் எதுக்கு ஆரம்பிக்கப்போறேன். ஒருநாளு கொழாயில தண்ணி லேட்டா வந்துச்சு, சரின்னு ராத்திரியில தொவைச்சேன். அவ்ளோ தான்.

— அந்த அவ்ளோவுக்கு நான் பொண்ண வரவேணான்னுட்டேன். சிரிக்காத மேரி.

— சிரிக்கிறது நீங்க தான். மொதல்ல போன எடுங்க.

— அலோ, மம்தா? அழுவாதம்மா. அப்பனுக்கு புத்தி கெட்டுப் போச்சு, நீ கெளம்பி வா. வூட்டுக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் பக்கத்து வூட்டு நைட்டி. வந்தப்புறம் சொல்றேன். மாரிகுப்பம் ரயிலு வண்டியில கூட்டம், அதுல ஏறாத. மாப்பிள்ளைய கார் வெச்சி கூட்டியாரச் சொல்லு.

— இன்னா சொல்றா?

— நாளைக்கே வராளாம். அப்பாடா, இப்போவே கொட்டாவி வருது பாரு.

— வின்னி சிஸ்டர், எங்க ரெண்டு பேரு பேரையும் லிஸ்டுல அடிச்சிடு. வூட்டுக்கு போயி தூங்கப் போறோம். அப்டி பாக்காத, அவங்கவங்க வூட்ல தான்.

— இனிமே நீ மெஷினு போடாத. நானும் கடப்பாரைய பரண் மேல போட்டுடுறேன். சத்தமே இருக்காது.

— அப்டி ஒரேயடியா நிறுத்திடாதீங்கண்ணா. படுக்கப் போறப்போ ஒரு தட்டு தட்டுங்க. அந்தப் பக்கம் உசுரோட ஒரு ஆளு இக்குதுன்னு தெரிஞ்சா தான் எனக்கு தூக்கம் வரும்.