பாலத்தடியில ஒரு பொட்ட மீன்

அதத்தான ஆபீசர் சார் நானும் சொல்றேன், ஆறு மூடிக்கெடக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். தூண்டி போடக் கூடாதுன்னு அந்த மஞ்சத் தகட்டப் பாலத்துல அடிக்கும்போது ஏணியப் புடிச்சதே நான்தான். தூண்டி என்னுது, படகும் என்னுது. பேரு டெல்மர் ஹாஸ்கின். லைசென்ஸ் மேல்சட்டைப் பையில இருக்கு, கை வெறைச்சுப் போச்சு, நீங்களே எடுத்துக்கங்க. வெளியூர்க்காரங்கள மீன் புடிக்கக் கூட்டிட்டுப் போற லைசென்ஸும் அதுக்குப் பின்னாலதான் இருக்கு. என் பொழப்பே அதுதான். ரெண்டையும் பறிப்பீங்க, தெரியும். நிதானமா எழுதுங்க. ஆனா தண்ணியில கட்டியிருக்கிற அந்தப் பெரிய கருப்புக் குழாய மட்டும் காலால தட்டிராதீங்க. உள்ள அவ இருக்கா.

மீன்தான் சார். வேற யாரு இருப்பா?

ஸ்டீல்ஹெட் ஜாதி. பொட்ட மீன். வயிறு முட்ட முட்டை. குனிஞ்சு பாருங்க, ஓட்டை வழியா தெரியும். முதுகுல வாலுக்கு முன்னால ஒரு குட்டித் துடுப்பு இருக்கணும், இல்ல பாத்தீங்களா? குஞ்சா இருக்கும்போதே பண்ணையில அடையாளத்துக்கு நறுக்கிட்டாங்க. இது ஆத்துல தானாப் பொறந்த காட்டு மீனில்ல, மேல இருக்குற குஞ்சுப் பண்ணையில வளந்த புள்ள. காட்டு மீனா இருந்தா அப்பவே விட்டிருப்பேன். அந்த அளவுக்கு நான் மோசமில்ல.

திங்கவா? திங்கிறவன் ஓடுற தண்ணியில குழாயக் கட்டி அதுக்குள்ள விட்டு வைப்பானா? நீங்க பாய்சி டவுன்லேருந்து வந்தவரு போல. இந்த ஐடஹோ மலைக்குள்ள, ஆறு தெறந்திருக்கிற வருஷமெல்லாம் நாங்க இப்படித்தான் பண்ணுவோம். புடிச்ச மீன உசுரோட குழாய்க்குள்ள விட்டுட்டுப் பண்ணைக்குப் போன் பண்ணா, தொட்டி லாரியில வந்து எடுத்துட்டுப் போவாங்க. முட்டைய எடுத்துப் பொரிக்க வச்சு, வளத்து, ஆத்துல விடுவாங்க. அது கடலுக்குப் போயி, தின்னு கொழுத்துத் திரும்பி வரும். இந்த வருஷம் வந்தது ரொம்பக் கம்மி. பண்ணைக்கு முட்டை சேர்ற வரைக்கும் யாரும் புடிக்கக் கூடாதுன்னு மூடிட்டாங்க. நியாயம்தான். ஊர்க் கூட்டத்துல நானும் கை தூக்கினேன்.

என்ன ஆச்சுன்னா, அவங்க பண்ணை மதகத் தெறந்து வச்சுட்டு அங்க காத்துக்கிட்டிருக்காங்க, மீனு இங்க சுத்திக்கிட்டிருக்கு. இதுங்களக் குஞ்சா ஆத்துல விட்ட வருஷம் பண்ணை வாய்க்கால் வெள்ளத்துல ஒடஞ்சு போச்சு. லாரியில கொண்டாந்து இந்தப் பாலத்துலதான் எறக்கி விட்டாங்க. எங்க விட்டாங்களோ அங்கதான வரும்? வீட்டுல வளத்துட்டு பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டா, திரும்பி வர்றவன் பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பான்.

சொல்லாம இருப்பேனா? போன் மேல போன் பண்ணேன். எடுக்கல. பண்ணையில இருக்குறதே ரெண்டு பேரு. பொறுப்பெல்லாம் லோர்னாதான். இன்னொருத்தன் அவ தம்பி ஆர்லோ. என் மச்சான். பழைய மச்சான்னு வச்சுக்கங்க.

ஆமா சார், பொண்டாட்டிதான். போன வருஷம் இலை கொட்டுற வரைக்கும்.

எடுக்காததுக்கு அவளக் குத்தம் சொல்ல மாட்டேன். பிரிஞ்சப்புறம் நான் பண்ண போனெல்லாம் அப்படி. உன் ஸ்பேனர இங்கயே விட்டுட்டுப் போயிட்டியேன்னு ஒரு நாள். நாய் உன்னயே தேடுதுன்னு ஒரு நாள். நாய் அவகிட்டதான் இருக்கு, அத நான் யோசிக்கல. இப்பப் போயி மீன் இருக்குன்னா எவ நம்புவா? ஆர்லோவுக்கும் அடிச்சுப் பாத்தேன். இன்னிக்கு என்ன மாமா கதைன்னான். மீனுன்னு வாயத் தெறந்தேன், வச்சுட்டான்.

நேர்ல எங்க போறது? அந்த கேட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். குடுத்ததுல ஒண்ணையாவது காப்பாத்தணுமில்ல. என் வண்டியில ஏத்தினா மீனு பாதி வழியிலயே செத்துரும், காத்து விடுற தொட்டி அவங்ககிட்டதான் இருக்கு.

முட்டை சேரலன்னா பண்ணைய இழுத்து மூடிருவாங்க சார். லோர்னாவ எங்கயோ கடலோரமா மாத்திருவாங்க. மாத்தட்டுமே, அவதான் எங்கூடப் பேசுறதில்லையேன்னு இருந்துக்கலாம். முடியல. காலையில காப்பியோட ஜன்னல்கிட்ட நின்னா அவ வண்டி மேட்டுல ஏறுறது தெரியும். திரும்பிப் பாக்க மாட்டா, ஆனா தெரியும். அதுவும் இல்லன்னா இந்த ஊர்ல எனக்கு என்ன சார் இருக்கு? அதான் தூண்டியத் தூக்கிட்டு எறங்கிட்டேன்.

யாரு புகார் சொன்னதுன்னு நீங்க சொல்ல வேண்டாம், நான் கேக்கவும் இல்ல. ஆள் அடையாளம் என்ன எழுதியிருக்கு? பச்சத் தொப்பி, நரைச்ச தாடி, தொப்பை. அது சரியில்ல சார். தொப்பைன்னு நான் சொல்லவே இல்ல. உங்க ஆபீஸ்ல எவனோ சேத்திருக்கான்.

என் மேல நானே சொல்லாம பின்ன என்ன பண்றது? இந்த ஜில்லாவுல அடிச்ச உடனே எடுக்குற ஒரே நம்பர் திருட்டு மீன் புகார் நம்பர்தான். ஆபீசர் கூப்பிட்டா அவளும் எடுத்துத்தான் ஆகணும். கூப்பிடுங்க. பாலத்தடியில ஒரு திருட்டுப் பய, முட்டையோட பொட்ட மீனு, தொட்டி லாரியோட வாங்கன்னு மட்டும் சொல்லுங்க. என் பேர அப்புறம் சொல்லிக்கலாம். அபராதத்த எவ்வளவு வேணாப் போடுங்க.

ரிங் போகுதா?

எடுத்துட்டாளா? ஸ்பீக்கர்ல போடுங்க சார். நான் பேச மாட்டேன்.