துவைத்துக் கொடுத்த புடவை

பழம்புடவையின் மெத்தென்ற சுகம் எந்தப் பட்டுக்கும் வராது, இன்ஸ்பெக்டர் மேடம். பட்டு நெய்கிற வீட்டிலும் குழந்தைக்குத் தூளி கட்டுவது அம்மா உடுத்தி நைந்துபோன நூல்புடவையில்தான்.

என் பெயர் ரமாமணி. குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டு மாடியிலேயே பார்க்கிறேன். சுனாமிக்கு முந்தின ஆடியில் கலைவாணி என்ற நெசவுக்காரப் பெண் தன் மகள் லக்ஷணாவை அழைத்து வந்தாள். நான்கு வயது. அம்மா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தாலே மூச்சு முட்ட அழுவாளாம். நெய்ய முடியவில்லை, பாவம்.

கண்ணில் படாவிட்டாலும் அம்மா இருக்கிறாள் என்ற தைரியம் வந்துவிட்டால் குழந்தை அழாது. என் வைத்தியமே அதுதான். கலைவாணி உடுத்திய புடவை ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவரச் சொன்னேன். லக்ஷணாவுக்குத் தூளி கட்டிய புடவையோடே வந்தாள். லக்ஷணா அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என் அறையில் தூங்கிப்போனாள். இதுவரை நான் செய்ததில் யாரும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் அந்தப் புடவையை நான் கட்டிக்கொண்டேன்.

என்னிடம் வருகிற குழந்தைகள் தேறியதும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போகும். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. நல்ல வைத்தியத்துக்கு அதுதான் அடையாளம். எனக்கு அது அலுத்துவிட்டது.

"வீட்ல அழுதா தூக்காதேம்மா. தறியை விட்டு எழுந்திருக்காதே," என்று கலைவாணியிடம் சொன்னேன்.

"குழியாண்ட வந்து கைய நீட்டிக்கினு நிக்குதுமா. அப்பக்கூட தூக்கக்கூடாதா?"

"கூடாது. தூக்கினா குணமாகாது."

படித்தவள் சொல்கிறேன் என்று நம்பினாள். கண்ணீரோடு நெய்து, நெசவில் பிசகு விழுந்து, முதலாளியிடம் ஏச்சு வாங்கினாளாம். ஆனால் தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அங்கே தூக்க ஆளில்லாத குழந்தையை இங்கே அவள் அம்மா வாசனையோடு நான் தூக்கினேன்.

தை மாதம் ஒருநாள் என்னிடம் விட்டுப்போன குழந்தையைக் கலைவாணி வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தபோது லக்ஷணா என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். கலைவாணி சண்டை போடவில்லை. "என் பொடவய குடுத்துடும்மா. நானே கட்டிக்கினு கூப்ட்டு பாக்கறேன்," என்றாள்.

கொடுத்தேன். சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு வந்து என் அறையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். லக்ஷணா கிட்டே போனாள், மோந்து பார்த்தாள், என்னிடம் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் வந்ததில்லை.

அடுத்த வாரம் லக்ஷணாவோடு மைசூர் பஸ் ஏறினேன். கடத்தல் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அங்கே நீங்கள் வந்து என்னிடமிருந்து அவளைப் பிரித்தெடுத்தபோது அவள் யாரை அம்மா என்று கூப்பிட்டாள், நீங்களும் கேட்டீர்கள் அல்லவா?

இப்போது அவள் பேசுவதில்லை என்கிறீர்கள். ஊட்டினால் வாய் திறப்பதில்லை, யார் தூக்கினாலும் கட்டையாகக் கிடக்கிறாள், கலைவாணி தறிக்குழியில் இறங்கினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்கிறீர்கள்.

அழவில்லை, இல்லையா? அதற்குத்தானே, மேடம், கலைவாணி அவளை என்னிடம் அழைத்து வந்தாள்.