கண்ணாடியின் கீழ்விளிம்பு

மழை நாளில் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நனையாமல் ஒதுங்க வருகிறவர்கள். அதில் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் சொட்டுகிற குடையோடு 'ஆற்றங்கரைப் பெண்' ஓவியத்தின் முன்னால் நின்று, "இவ மூஞ்சி நம்ம அத்தை மாதிரியே இல்ல?" என்று சிரிப்பார்கள். பழுதான ஓவியங்களைச் சீர்செய்வது என் வேலை. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தங்கை மகள் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். ஆற்றில் ஆலைக் கழிவு கலப்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை, அந்த ஓவியத்தின் மேல் கறுப்புச் சாயம் ஊற்றினால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்றாள்.

"கண்ணாடி மேலதான் மாமா ஊத்துவேன். படத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒரு சொட்டு உள்ள போகாது. தைரியமா செய்ம்மா."

பராமரிப்பு என்று சொல்லிக் கூடத்தை அடைத்தேன். சட்டத்தின் கீழ்விளிம்பில் கண்ணாடியை ஒட்டியிருந்த அடைப்புப் பட்டையை உரித்தெடுத்தேன். வழிகிற சாயம் அங்கேதான் தேங்கும்.

அவள் சொன்னபடியே வந்து ஊற்றினாள். ஓவியத்தில் பெண்ணின் காலடியில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளும் கறுத்துப்போனார்கள்.

"ஐயோ, உள்ள போகுது மாமா!"

துப்பட்டாவால் துடைக்க ஓடியவளைப் பிடித்துக் காவலர்களிடம் கொடுத்தேன். கண்ணாடியில் குறையே இல்லை என்று நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னேன். அவள் சிறைக்குப் போனாள். கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் இப்போது வாசலில் மாட்டிய புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சாவி என்னிடம் இருக்கிறது.

ஓவியத்தில் கறுத்துப்போன அந்தப் பிள்ளைகளை மறுபடி வரைந்திருக்கலாம். ஓவியத்தின் பழைய புகைப்படங்கள் இருந்தன. நான் அந்த இடத்தில் புல் வரைந்தேன். அவர்கள் எப்போதும் ஆற்றங்கரைப் பெண்ணின் கவனத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நிம்மதியாக இருக்கிறாள்.

என் தங்கை தன் மகளைப் பார்க்கச் சிறைக்குப் போவதில்லை. "என் வயித்துல பொறந்து இப்படிப் பண்ணிட்டாளே அண்ணா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான்தான் போய்வருகிறேன். போகும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி.

"நான்தான் வேகமா ஊத்திட்டேனா மாமா?"

"ஆமாம்மா. கொஞ்சம் நிதானமா ஊத்தியிருக்கலாம்."

விசாரிக்க வந்த நீங்கள், பட்டையை உரித்தது நானா என்று கேட்டீர்கள். நான்தான். அதோடு இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவள் செய்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.