அத்தையை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்த வண்டிகள்

பைக் வாங்குவதற்கு முன் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். கடைசியில் எந்த வண்டி எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று இந்தக் குழுவில் பலர் கேட்டிருந்தீர்கள். வீட்டிலும் அதையே கேட்டார்கள், கொஞ்சம் வேறு குரலில். எனவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஏற்காட்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சமதளத்தில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். வீட்டிலேயே கனமான ஆளைப் பின்னால் உட்கார வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்க்காமல் நாங்கள் வண்டி எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் என் மாமியார் சென்னம்மாள்.

அத்தைக்கு முழங்கால் தேய்மானம். வைத்தியத்துக்கு வாராவாரம் சேலம் போக வேண்டும், ஆனால் பஸ் படி ஏற முடியாது. என் பழைய வண்டி உயிரை விட்டதும் மனைவி பார்வதி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா எதுல சௌரியமா குந்துதோ அதத்தான் எடுக்கோணும்."

நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன். ஆனால் எனக்கு ஏற்கெனவே ஒரு சிவப்பு வண்டி பிடித்துப்போயிருந்தது. குனிந்து படுத்து ஓட்டுகிற வகை. பின் சீட்டு தூக்கலாக, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். ஒரு கிளி தாராளமாக உட்காரலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒண்டிக்கடை சந்திப்பில் ஷோரூம்காரர்கள் பந்தல் போட்டு மூன்று வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பொறுப்பில் இருந்தவர் ஜாபெஸ். பொறுமையான மனிதர். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

முதல் வண்டி நீள சீட்டு. அத்தை ஒருபக்கமாக உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்த பிறகும் இடம் மிச்சமிருந்தது. அது எனக்குக் கவலையாக இருந்தது. ஆகவே மலைப்பாதையில் எந்தக் குழியையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஒன்றிரண்டு குழிகளைத் தவறவிட்டபோது திரும்பி வந்து அவற்றிலும் வண்டியை இறக்கினேன். ஷாக் அப்சார்பரைச் சோதிக்க வேறு வழியில்லை.

இரண்டாவது ஸ்கூட்டர். அதில் வளைவுக்கு வளைவு பிரேக்கைச் சோதித்தேன். அத்தையின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதிய சத்தத்தை வைத்து, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது, சிவப்பு வண்டி. அதைத் தேர் நகர்த்துவது போல ஓட்டினேன். பின்னால் வந்த மாடு ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

இறங்கியதும் அத்தை இடுப்பில் கை வைத்து இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ளே, மொதல்ல ஓட்டுனீங்களே, அதையே எடுங்க. அது குதிச்ச குதில என்ற இடுப்புப் புடிப்பு உட்டுப்போச்சுங்க. நொம்ப நாளா கெடந்த புடிப்பு. இந்தச் செவப்பு வண்டி சீக்கு வண்டியாட்டம் இருக்குது."

ஒரு தடவை ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது சரியில்லை என்று எனக்குப் பட்டது. முதல் வண்டியை மறுபடி கேட்டு வாங்கினேன். கீழே சேலம் தெரிகிற வளைவில் அத்தையை இறக்கினேன். பாரத்தோடு பார்த்தாயிற்று, பாரமில்லாமலும் பார்க்க வேண்டும், ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்றேன். அவர் சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

வண்டி லேசாக ஏறியது. பிக்கப் நன்றாக இருந்தது. ஏரிக்கரை வரைக்கும் நன்றாகவே இருந்தது.

அங்கே எங்கள் வீட்டுக்குப் பழக்கமான மேனகாவின் பஜ்ஜிக் கடை. வேண்டுமென்று உட்காரவில்லை. பஜ்ஜி சூடாக இருந்ததால் ஆறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் யோசனை வந்தது. நான் தாமதமாகப் போய், வண்டி நின்றுவிட்டது என்று சொன்னால் அத்தைக்கு வண்டி மேல்தான் வெறுப்பு வரும், என் மேல் வராது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாத வழி.

பின்னால் இருந்த அத்தையை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று மேனகா கேட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை. அதன் பிறகு மூடுபனி இறங்கி சேலம் மறைந்துபோனதற்கு நான் பொறுப்பல்ல. பின்னாலேயே மழையும் பிடித்தது. எழுந்தேன். ஆனால் வண்டி நின்றதற்கு மழை நல்ல காரணமாக இருக்குமே என்று இன்னொரு தட்டு சொன்னேன்.

திரும்பிப் போனபோது அத்தை அதே சுவரில் நனைந்து உட்கார்ந்திருந்தார். பையையும் ஒரு செருப்பையும் குரங்குகள் கொண்டுபோயிருந்தன. குளிரில் முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்தேன் என்றேன். அவர் ஈர முந்தானையைப் பிழிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"மழைல ஒத்தையா தள்ளிட்டு வந்தீங்களா சாமி? எனக்காவ நீங்க சீரழிய வேண்டாமுங்க. உங்களுக்குப் புடிச்சதையே எடுத்துக்கங்க."

அந்த இடத்தில் என் மனம் உருகியது என்று எழுத ஆசைதான். சிவப்பில் கறுப்புக் கோடு போட்டது கிடைக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தையைத் தூக்கி ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அது கண்ணுக்கு மறைந்ததும் வண்டியைக் கிளப்பினேன். பந்தலுக்கு வந்ததும் அத்தை நொண்டிக்கொண்டே நேராக ஜாபெஸிடம் போய், நடுவழியில் நின்றுபோகிற வண்டியை விற்கலாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஜாபெஸ் பட்டனை அழுத்தினார். வண்டி உடனே கிளம்பியது. அவர் என்னைப் பார்த்தார். நான் சிவப்பு வண்டியைக் காட்டினேன். அவர் பில் புத்தகத்தை எடுத்தார். ஆனால் அன்றைக்கு அந்த நீள சீட்டு வண்டிப் பக்கம் வேறு யாரும் போகவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்து மாலை போட்ட அன்று பார்வதி கேட்டாள். மேனகா அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்.

"எங்கம்மா மழைல கெடந்தப்ப நீங்க பஜ்ஜி தின்னுட்டு இருந்தீங்களா?"

"வாழைக்கா பஜ்ஜி இல்ல, மொளகா பஜ்ஜி மட்டுந்தான்," என்றேன். விவரம் சரியாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அத்தை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தார். மறுநாள் மச்சான் சிவக்குமார் சேலத்திலிருந்து கார் கொண்டுவந்து இரண்டு பேரையும் அழைத்துப் போய்விட்டார். வைத்தியத்துக்கு அங்கிருந்து போவது பக்கம்தானே.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். குழி பார்த்து இறக்கியது நான்தான். நிற்காத வண்டியை நின்றது என்று சொன்னதும் நான்தான். மழையில் அந்தம்மாவை உட்கார வைத்ததும் நான்தான். மற்றபடி வண்டி அருமை. மைலேஜும் பரவாயில்லை.

இரண்டு பேருக்கும் தினமும் போன் போடுகிறேன். மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. மலை மேல் இருக்கிற எனக்கு சிக்னல் முழுசாகக் கிடைக்கிறது. சேலத்தில்தான் டவர் சரியில்லை போலிருக்கிறது.